ஜேன் ஸ்டிக்கிளின் 5,602 துண்டுகள்: எதை எளிதாக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் 1863ஆம் ஆண்டில் தைத்து முடிக்கப்பட்ட ஒரு குவில்ட், அதாவது சிறு துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை, இருக்கிறது. நீளமும் அகலமும் ஏறத்தாழ 80 அங்குலம். நடுப்பகுதியில் வரிசைக்கு 13 வீதம் 13 வரிசைகள், மொத்தம் 169 சதுரக் கட்டங்கள். ஒரு கட்டத்தின் உரு இன்னொன்றில் இல்லை. அவற்றைச் சுற்றி 52 முக்கோணங்கள், நான்கு மூலைகளில் நான்கு கட்டங்கள். ஓரம் நேர்கோடாக முடியாமல் அலை அலையாக வளைந்து முடிகிறது. தைத்தவர் ஒரு மூலையில் தன் பெயரையும், போர்க்காலத்தில் தைத்தது என்ற குறிப்பையும், துண்டுகளின் எண்ணிக்கை 5,602 என்பதையும் பதித்து வைத்திருக்கிறார். வெளிச்சம் பட்டால் பழந்துணி நைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் மட்டுமே இதை வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள்.

1996இல் பிரெண்டா பாபடாகிஸ் இந்தக் குவில்ட்டின் எல்லாக் கட்டங்களையும் வரைபடமாக்கி நூலாக வெளியிட்டார். அதன் பிறகு பல நாடுகளில் பலர் இதைத் தங்கள் கையால் மறுபடி தைத்து வருகிறார்கள். தொடங்கிய எல்லோரும் முடிப்பதில்லை. முடித்தவர்களிலும் பலர் எங்கோ ஓரிடத்தில் எளிதாக்கியிருக்கிறார்கள். சிலர் கட்டத்தைப் பெரிதாக்கினார்கள், சிலர் துண்டுகளைக் குறைத்தார்கள், சிலர் ஓரத்தை நேராக்கினார்கள். ஒரு வடிவமைப்பை எதுவரை எளிதாக்கலாம், எந்த இடத்தில் அது வேறொன்றாக மாறிவிடுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் எனக்குத் தெரியவில்லை. தைக்கும் முறையை எவ்வளவு வேண்டுமானாலும் எளிதாக்கலாம், உருவத்தில் கை வைக்கும்போதுதான் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த எல்லை எங்கே விழுகிறது என்பது கட்டத்துக்குக் கட்டம் மாறுவதால், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தைத்தவர்

ஜேன் பிளேக்லி ஸ்டிக்கிள் 1817இல் வெர்மான்ட்டின் ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊரில் பிறந்தவர். கணவர் பெயர் வால்டர். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. 1860ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியாக வாழும் 43 வயது விவசாயி என்று ஜேன் பதிவாகியிருக்கிறார். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் தொடங்கியது. குவில்ட் முடிந்த 1863இன் ஜூலையில்தான் கெட்டிஸ்பர்க் போர் நடந்தது. வெர்மான்ட் வீரர்கள் அதில் முக்கியமான இடத்தில் நின்று போரிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், நாலரை அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை விதமாகத் துணியைப் பிரிக்க முடியும் என்று ஒருவர் 169 முறை யோசித்திருக்கிறார். குவில்ட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பிடிவாதம்தான். ஒரே உருவை 169 முறை தைத்திருந்தாலும் அழகான போர்வை கிடைத்திருக்கும். அவர் அந்த வழியில் போகவில்லை.

இதனால் எளிதாக்க நினைப்பவர்களுக்கு முதல் விடை உடனே கிடைத்துவிடுகிறது. பிடித்த 20 கட்டங்களை எடுத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பத் தைத்து 169ஐ நிரப்புவது மிக எளிய வழி. அப்படி வருவது நல்ல குவில்ட்டாக இருக்கலாம். ஆனால் ஜேனின் குவில்ட்டோடு அதற்கு உறவு இல்லை. எந்த உருவும் மீண்டும் வராமல் இருப்பதுதான் இந்த வடிவமைப்பின் உயிர். அதை எடுத்துவிட்ட பிறகு மற்ற 168 முடிவுகளில் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பயனில்லை.

எது மூலம்?

மூல வடிவத்தை அப்படியே பின்பற்றுகிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 1996இன் வரைபடத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். 1863இன் துணியும் அந்த வரைபடமும் ஒன்றல்ல. துணியில் தைத்தது இழுபடும், சுருங்கும், ஓர் ஓரம் இன்னோர் ஓரத்தைவிட அரை வீசம் (அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு) குறையும். வரைபடத்தில் கோடுகள் நேராக இருக்கும். கட்டங்களுக்கு ஏ முதல் எம் வரை எழுத்தும் 1 முதல் 13 வரை எண்ணும் கொடுத்த முறையும் நூலோடு வந்ததுதான். முதல் கட்டமான ஏ-1க்கு, திசை பிசகிய காற்றாடி என்ற பொருள்படும் பெயரை நூல் தந்திருக்கிறது. அந்தப் பிசகை வைத்துக்கொள்ளலாமா, திருத்தலாமா என்று முதல் கட்டத்திலேயே ஒவ்வொருவரும் முடிவெடுக்க நேர்கிறது.

வைத்துக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன். திருத்துவதும் ஒருவகை எளிதாக்கல்தான். இதில் கைவேலை குறைவதில்லை, கண்ணுக்குக் கிடைக்கும் வேலை குறைகிறது. எல்லாம் சமச்சீராக இருக்கும் கட்டத்தைக் கண் ஒரு நொடியில் கடந்துபோகும். பிசகு உள்ள இடத்தில் நிற்கும்.

நாலரை அங்குலத்தின் கணக்கு

கட்டம் ஒன்று தைத்து முடிந்த பிறகு ஏறத்தாழ நாலரை அங்குலம். 169 கட்டங்கள், 52 முக்கோணங்கள், 4 மூலைகள் சேர்த்து 225. 5,602ஐ இதற்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சராசரியாக 25 துண்டுகள் வருகின்றன. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இடத்தில் 25 துண்டுகள். கடினம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு கணக்குகள் காட்டும்.

முதலாவது, தையலுக்கு விடும் துணி. குவில்ட் தைப்பவர்கள் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விடுவது வழக்கம். ஒரு கட்டத்தை 6-க்கு-6 ஆகப் பிரித்தால் சிறு சதுரம் ஒன்று முக்கால் அங்குலம். வெட்ட வேண்டியதோ ஒன்றேகால் அங்குலம். பரப்பளவில் பார்த்தால், வெட்டிய துணியில் 36 விழுக்காடுதான் முகத்தில் தெரிகிறது, மீதி 64 விழுக்காடு பின்னால் மடிந்து கிடக்கிறது. நாலரை அங்குலக் கட்டத்தின் பின்புறம் இதனால்தான் தடித்துவிடுகிறது. மெல்லிய, நெருக்கமான நெசவுள்ள பருத்தி இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. நம் கடைகளில் பாப்ளின் என்று கிடைப்பதில் மெல்லிய ரகம் சரியாக வரும். காடாத் துணியில் முயன்றால் தையல்கள் கூடும் இடத்தில் ஊசி இறங்காது.

இரண்டாவது, பிழை சேரும் விதம். தையல் ஒவ்வொன்றும் அரை வீசம், அதாவது அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப்போனால் இரு பக்கத் துண்டுகளும் சேர்ந்து ஒரு வீசத்தை இழக்கின்றன. 6 துண்டு வரிசையில் 5 தையல். ஆக 16இல் 5 பங்கு அங்குலம் காணாமல் போகிறது. 12 அங்குலக் கட்டத்தில் இது இரண்டரை விழுக்காடு அளவு, இஸ்திரி போட்டு இழுத்தால் சமாளித்துவிடலாம். நாலரை அங்குலத்தில் கிட்டத்தட்ட 7 விழுக்காடு. எந்த இழுப்பும் அதை மறைக்காது.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளைக் கத்தியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அளவுகோலும் உருளைக் கத்தியும் கொண்டு நேர்க்கீற்றுகளாக வெட்டித் தைப்பதே பொதுமுறை ஆகிவிட்டது. அந்த முறைக்கு அளவுகோலில் இருக்கும் எண்கள்தான் தெரியும்: கால், அரைக்கால், முக்கால். ஜேனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தாளை மடித்தோ அட்டையில் வரைந்தோ உருவை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் ஒரே அளவு எளிது. நாலரை அங்குலத்தை ஐந்தாகப் பிரித்தால் துண்டு 0.9 அங்குலம், ஏழாகப் பிரித்தால் ஏறத்தாழ 0.643. இரண்டுமே அளவுகோலில் இல்லை. இன்று தைப்பவர் இதைக் கடினமான வடிவமைப்பு என்று நினைக்கிறார். கருவி மாறியது ஒரு முக்கியக் காரணம் என்பதை உணர்ந்தால் எளிதாக்கும் வழியும் தெரிந்துவிடும்.

தாளில் தைப்பது

அந்த வழி, உருவைத் தாளில் அச்சிட்டு, துணியைத் தாளுக்குப் பின்னால் பிடித்து, கோட்டின் மேலேயே தைப்பது. அளவை வெட்டுவதில் காட்ட வேண்டியதில்லை. துணியைச் சற்றுத் தாராளமாக வெட்டிக்கொண்டால் போதும், கோடு அளவைப் பார்த்துக்கொள்ளும். எந்தத் துண்டு முதலில், எது அடுத்து என்று எண்ணிட்டுக்கொண்டு அந்த வரிசையில் போக வேண்டும். தையல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கமாக இருந்தால், முடிந்ததும் தாள் அந்தத் துளைகளோடு சுலபமாகக் கிழிந்து வரும். முகம் தாளின் மறுபக்கத்தில் வருவதால் படத்தை இடம் வலம் மாற்றி அச்சிட வேண்டும். காற்றாடி போலச் சுழலும் உருக்களில் இதை மறந்தால் சுழற்சி எதிர்த்திசையில் போய்விடும்.

துணி வீணாகும். வளைவுகளுக்கு இது உதவாது. தையல்கள் மூன்று திசையிலிருந்து ஒரு புள்ளியில் கூடும் இடங்களிலும் உதவாது. ஆனால் முடிந்த கட்டத்தைப் பார்த்து, இது தாளில் தைத்தது, இது அட்டை வைத்துக் கையால் தைத்தது என்று முகப்பக்கத்திலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு கோடுகூட இடம் மாறவில்லை. இதைக் குறுக்குவழி என்று குறைத்துப் பேசுபவர்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

எட்டு முனை நட்சத்திரம்

முறைக்கும் உருவுக்கும் நடுவிலுள்ள எல்லை மங்கும் இடத்தை ஒரு பொது உருவைக் கொண்டு பார்ப்பது நல்லது. எட்டு சாய்சதுரங்கள் நடுப்புள்ளியில் கூடும் நட்சத்திரம், பழைய குவில்ட்டுகள் பலவற்றில் வருவது. எட்டு சாய்சதுரம், மூலைகளில் நான்கு சதுரம், பக்கங்களில் நான்கு முக்கோணம் என 16 துண்டுகள். ஆனால் அந்தச் சதுரங்களையும் முக்கோணங்களையும் இரண்டு சாய்சதுரங்களுக்கு இடையிலான பள்ளத்தில் பொருத்த வேண்டும். தையலை ஓரம்வரை ஓட்டாமல் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, துணியைத் திருப்பி, அடுத்த பக்கத்தைத் தைக்க வேண்டும். அப்படி எட்டு இடங்கள்.

இதற்கு நடைமுறையில் இருக்கும் எளிய மாற்று, கட்டத்தை 4-க்கு-4 ஆகப் பிரித்து, 12 சிறு சதுரங்களைக் குறுக்கே இரண்டு முக்கோணங்களாக ஆக்கிச் சேர்ப்பது. எல்லாத் தையலும் நேர்க்கோடு. துண்டுகளோ 16இலிருந்து 28 ஆகிவிடுகின்றன. எளிதாக்கினால் துண்டு குறையும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். உண்மையில் குவில்ட்டில் இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராகவே போகின்றன: தையலை நேராக்கத் துண்டைக் கூட்ட வேண்டும், துண்டைக் குறைத்தால் தையல் திரும்பும்.

சரி, 28 துண்டுகளில் வந்தது அதே நட்சத்திரமா? இல்லை. நாலரை அங்குலத்தில் உண்மையான நட்சத்திரத்தின் மூலைச் சதுரம் ஏறத்தாழ 1.32 அங்குலம். மாற்றில் அது 1.125. உண்மையானதில் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள உள்மடிப்புகள் எட்டும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். மாற்றில் நான்கு மடிப்புகள் 1.125 அங்குலத்திலும் மற்ற நான்கு 1.59 அங்குலத்திலும் விழுகின்றன. சாய்சதுரத்தின் நான்கு பக்கங்களும் சமமாக இருந்த நிலை போய், நீண்ட இணைகரம் ஆகிவிடுகிறது. கண்ணுக்கு நட்சத்திரம் நான்கு மூலைகளை நோக்கிப் பருத்ததாகத் தெரியும். தையல் எளிதானதற்கு உருவையே விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு இரண்டையும் காப்பாற்றும் வழி ஒன்று உண்டு. மூலைச் சதுரத்தையும் பக்க முக்கோணத்தையும் மட்டும் நடுவில் பிளந்தால் போதும். சாய்சதுரத்தைத் தொட வேண்டாம். எட்டு முக்கோண ஆப்புகள் தனித்தனியாக, நேர்த்தையலிலேயே உருவாகும், தாளிலும் தைக்கலாம். துண்டு 16இலிருந்து 24 ஆகும். சதுரத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு வரும். பின்னணி ஒரே நிறம் என்றால் ஓரடி தள்ளி நின்றாலே அது மறைந்துவிடும். நட்சத்திரம் இம்மியும் மாறாது. கடினமான ஒரு கட்டத்தைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது இப்படிப் பின்னணிக்குள் ஒளித்துவைக்கக்கூடிய பிளவைத்தான்.

வளைவுகள்

கண்ணிமை வடிவம், இதழ், வட்டம் ஆகியவை வரும் கட்டங்களில் துண்டோடு துண்டை வளைவாகச் சேர்ப்பதற்குப் பதில், பின்னணியை ஒரே துணியாக வைத்து உருவை அதன்மேல் ஓரம் மடித்துத் தைத்துவிடலாம், அதாவது அப்ளிக் வேலை. துண்டு எண்ணிக்கை குறையும், உரு அப்படியே இருக்கும். நாலரை அங்குலத்தில் இது பல நேரம் மூல முறையைவிடத் துல்லியமாகவே வருகிறது, ஏனென்றால் வளைவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருத்தலாம். அடர்ந்த நிறத்தின்மேல் வெளிர்நிறத்தைத் தைக்கும்போது மட்டும் அடியிலுள்ளது நிழலாகத் தெரியும். பின்னாலிருந்து அந்தப் பகுதியைக் கால் அங்குலம் விட்டு வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது.

எண்ணிக்கை குறைவதால் ஒரு கடமை வருகிறது. ஜேன் எண்ணியது அவர் தைத்தவற்றை. அப்ளிக் செய்தவரும் பிளந்து தைத்தவரும் தங்கள் மூலையில் 5,602 என்று பதிப்பது பொய். சொந்த எண்ணிக்கையை எண்ணிப் பதிக்கலாம், இல்லாவிட்டால் எண்ணே வேண்டாம்.

கட்டத்தைப் பெரிதாக்குவது

ஒன்பது அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் கட்டம் கைக்கு அடங்கும். ஆனால் 169ஐயும் வைத்தால் போர்வை 160 அங்குலத்தைத் தொடும். அதை விரிக்க எந்தக் கட்டிலும் இல்லை. எனவே கட்டங்களைக் கைவிட வேண்டியிருக்கும். 9-க்கு-9 வைத்தால் 81 கட்டங்கள், பாதிக்கும் குறைவு. ஜேனின் துணியைப் பார்க்கும்போது முதலில் தாக்குவது நெரிசல்தான்; 81 பெரிய கட்டங்களில் அது இல்லை. மாதிரிகளைப் பழகிப் பார்க்கும் பயிற்சிக் குவில்ட்டாக அது நல்லது, அதற்குமேல் உரிமை கோரக் கூடாது.

ஆறு அங்குலம் வேறு கதை. எல்லா அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 80 அங்குலப் போர்வை 107 அங்குலம் ஆகும். பெரிய இரட்டைக் கட்டிலுக்கு அது சரியான அளவு, 169 கட்டங்களும் தப்பிக்கும், 6-க்கு-6 பிரித்தால் சிறு சதுரம் முழுதாக ஓர் அங்குலம். முன்பு சொன்ன பிழைக் கணக்கும் 7 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. ஐந்தாகப் பிரியும் கட்டங்கள் இங்கேயும் அளவுகோலுக்கு அடங்காமல் 1.2 அங்குலம் என்று நிற்கும். அவற்றைத் தாளில் தைத்துக்கொள்ளலாம். கண்பார்வை ஒத்துழைக்காதவர்களுக்கும் விரல்மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இந்த அளவைத் தயங்காமல் சொல்வேன்.

நிறம்

பெரும்பாலும் பேசப்படாத எளிதாக்கல் இது. ஜேன் நிறங்களைக் கண்டபடி தெளிக்கவில்லை. நடுவிலிருந்து வெளியே நிறங்கள் அடுக்கடுக்காகப் பரவும்படி கட்டங்களை வைத்திருக்கிறார். பலர் இரண்டு நிறத்தில், நீலமும் வெள்ளையும் அல்லது சிவப்பும் வெள்ளையும் என்று தைக்கிறார்கள். துணி வாங்குவது, பொருத்துவது எல்லாம் சுலபம். கோடுகளும் பளிச்சென்று தெரியும். இதை நான் மனமார ஏற்கிறேன், ஏனென்றால் உருக்களின் வேறுபாட்டை இது கூர்மையாக்குகிறது. வீட்டில் இருக்கும் எல்லா வண்ணத் துணியும் வரட்டும் என்று கலந்து தைப்பதுதான் கெடுக்கிறது: அடர்வும் வெளிர்வும் குழம்பி, 25 துண்டுகளை உழைத்துச் சேர்த்த கட்டம் இரண்டடி தள்ளி நின்றால் ஒரு மங்கலான சதுரமாகிவிடும். துணியை வெட்டும் முன் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஓரம்

169 கட்டங்களையும் முடித்து, 52 முக்கோணங்களையும் சேர்த்த பிறகு வருவதால் ஓரத்துக்கு யாரிடமும் பொறுமை மிஞ்சியிருப்பதில்லை. அலை ஓரத்தை நேராக வெட்டி, நேர்ப்பட்டி வைத்து முடிப்பது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். நான் மிகவும் எதிர்ப்பது இதைத்தான். சுவரில் மாட்டிய குவில்ட்டை அறையின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே எந்தக் கட்டத்தில் அப்ளிக், எதில் பிளவு என்று தெரியாது. ஓரம் அலையாக இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். முக்கோணங்கள் வெளிநோக்கி விரிந்து அந்த வளைவில் போய் முடிவதற்காகவே வரையப்பட்டவை. நேராக வெட்டினால் அவை பாதியில் நின்றவை போல இருக்கும். நேரம் போதாதவர்கள் கட்டங்களுக்குள் மேலும் சில அப்ளிக்குகளைச் செய்து மிச்சப்படுத்தி, அந்த நேரத்தை இங்கே கொண்டுவரலாம்.

வேலையும் பயப்படும் அளவுக்கு இல்லை. பட்டியைத் துணியின் நேர்இழையில் வெட்டாமல், 45 பாகையில் சரிவாக இரண்டேகால் அங்குல அகலத்துக்கு வெட்டி இரண்டாக மடித்துக்கொள்ள வேண்டும். சரிவு இழை வளைவோடு தானாக நெளிந்து கொடுக்கும். வளைவின் மேட்டில் பட்டியை இழுக்காமல் தளர்வாக விட வேண்டும், இழுத்தால் ஓரம் உள்நோக்கிக் கவிழும். இரண்டு அலைகள் சந்திக்கும் உள்முனைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தி, இயந்திரத்தின் காலைத் தூக்கி, குவில்ட்டைத் திருப்பி, பட்டியில் மடிப்பு விழாமல் விரலால் ஒதுக்கிவிட்டுத் தொடர வேண்டும். அலைகளை வெட்டுவது மட்டும் பட்டியைத் தைத்த பிறகு. முதலில் வெட்டிவிட்டால் சரிவான ஓரங்கள் கையில் எடுக்கும்போதே நீண்டுவிடும். கோட்டை வரைந்து, அந்தக் கோட்டோடு பட்டியின் ஓரத்தை வைத்துத் தைத்து, பிறகு மிச்சத் துணியை வெட்டினால் அலை வரைந்தபடியே நிற்கும்.